முப்பத்து மூன்று மதிப்பெண் தூரம்

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அப்பா திருகிக் கொடுத்த பெட்டிப் பிடி பாதி வழியிலேயே கையோடு வந்துவிட்டது. லிஃப்டுக்கு ரிப்பேர் பார்க்கிறவரிடம் பெட்டியைக் கொடுத்தது நம் தப்பு என்று அவரிடம் சொல்லு.

இந்தப் பயிற்சி விடுதியில் நுழைந்ததுமே போனை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் தருவார்களாம். பின்னால் ஐந்து பேர் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது "சாப்பிட்டேன், தூங்கினேன்" என்பதைத் தவிர என்னால் எதுவும் பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

அறையில் அடுக்குக் கட்டில். நான் கீழே. மேல்கட்டில்காரி மூன்றாவது முறையாக முதுகலை நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாள். என்னைப் பார்த்ததும் "எவ்ளோ?" என்றாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. "நூத்தி இருபத்தொண்ணு" என்றேன். "பரவால்ல, முதல் தடவை எனக்கு நூத்தி எட்டு" என்றாள். இருநூற்றுக்கு நூற்று நாற்பது வாங்கினால்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள் என்பது இங்கே சமையல்கார அண்ணனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. மறுதேர்வு மே பத்தாம் தேதி.

அம்மா, ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பெண் குறைந்த அவமானத்தில் நான் கிளம்பி வந்துவிட்டதாக அப்பா எல்லோரிடமும் சொல்கிறார். அதற்காக வரவில்லை. உனக்கு நூற்று ஐம்பத்து நான்கு வந்ததற்காக வந்தேன்.

"உனக்குத் துணைக்கு நானும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வைக்கறேன்" என்றாய். முடிவு வந்த அன்று, "நான் என்னத்தக் கிழிச்சிருக்கப் போறேன், பாக்கவே இல்ல" என்றாய். நான்கு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாய். ஐந்தாம் நாள் நீ வீட்டில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க உன் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தேன். ரத்தம் எடுக்கும் அக்கா, கையில் ஊசியோடு, "உங்கம்மா நூத்தி அம்பத்தி நாலாமே! பெத்தா இப்படி ஒரு பொண்ணப் பெக்கணும்... ஐயோ, மாத்திச் சொல்றேன், பொறந்தா இப்படி ஒரு அம்மாவுக்குப் பொறக்கணும்!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முப்பத்து மூன்று மதிப்பெண் வித்தியாசம். அந்த நாலு நாளும் அதைத் தெரிந்துகொண்டேதான் முதுகைத் தடவினாய்.

உன்,
வாண்டு


மார்ச் 9

என் வாண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். அப்பாவுக்கு முதல் பக்கத்தை மட்டும் காட்டினேன். "திருகாணி நல்ல திருகாணி. அவ தூக்கின விதம்தான் சரியில்ல" என்கிறார். நீ துண்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். அதையும், இரண்டு ஜோடி காலுறையையும், உன் தலையணை உறையையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெறும் தலையணையில் படுத்தால் உனக்கு முகத்தில் பொரிப்பொரியாக வரும்.

மறைத்தது தப்புதான். அன்று காலையில் உன் பதிவெண்ணைத்தான் முதலில் தட்டினேன். நீ எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். அப்புறம் என்னுடையதைத் தட்டினேன். நீ உள்ளே அழுதுகொண்டிருக்கிறாய். நான் இந்தப் பக்கம் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொல்லியிருந்தால் உன்னைக் குத்திக்காட்டுவது போல இருந்திருக்கும். சொல்லாததும் அப்படியே ஆகிவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு வார்த்தை வாய்தவறி வந்துவிட்டது. அவளைத்தான் உனக்குத் தெரியுமே, ஊசி போடுவதைவிடப் பேசுவதில் வேகம்.

பதினெட்டாம் தேதி நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் போகப் போவதில்லை. நாற்பத்து நாலு வயதில் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய் நான் என்ன செய்யப் போகிறேன்? நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் படி.

உன் விடைகளைப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: வாசிப்புப் பகுதியில் நீ நன்றாகத்தான் செய்திருக்கிறாய். கணக்கில்தான் அவசரப்படுகிறாய். கேள்வியின் கடைசி வரியை முதலில் படி. என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு மேலே போ. தப்புப் போட்டதை மட்டும் தனி நோட்டில் எழுதி வை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபம் என்மேல் இருக்கட்டும், சாப்பாட்டின்மேல் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா


மார்ச் 17

அம்மாவுக்கு,

பார்சல் கிடைத்தது.

போகமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். யாருக்காக? நாளைக்கு நான் எதிலாவது தோற்றால், "உனக்காகத்தாண்டி நான் விட்டுட்டேன்" என்று நீ சொல்லாவிட்டாலும் அப்பா சொல்வார், சித்தி சொல்வாள், ஊசிக்கார அக்கா சொல்வாள். எனக்கு எந்தப் பிச்சையும் வேண்டாம். இது கிடைப்பதற்குள் உன் நேர்காணல் நாள் தாண்டியிருக்கும். போயிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். போகாமல் இருந்திருந்தால் உன்னோடு பேசவே மாட்டேன். போயிருந்தாலும் எனக்கு வயிறு எரியும். இரண்டில் எதைச் செய்தாலும் உனக்குத் திட்டுதான்.

கடைசி வரியை முதலில் படிக்கச் சொன்னாய். நீ சொன்னாய் என்பதற்காகவே வேண்டுமென்று முதல் வரியிலிருந்து படித்தேன். பதினைந்தில் ஆறு தப்பு. மேல்கட்டில்காரி என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசி வரிய மொதல்ல படிடி லூசு" என்றாள். அவள் சொன்னதும் செய்தேன். பதினைந்தில் இரண்டுதான் தப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாகப் போட்டதற்கு அழுதவள் இந்த விடுதியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்று வகுப்பில் கணக்கு சார், "ஒவ்வொருத்தரும் யாரைத் தாண்டணும்னு மனசுல ஒரு ஆள வெச்சுக்கோங்க" என்றார். என்னைப் பார்த்து, "நீ யாரம்மா வெச்சிருக்க?" என்று கேட்டார். வாயில் வந்துவிட்டது: "எங்கம்மா, சார்." வகுப்பே சிரித்தது. "அப்ப உனக்கு ஈஸிதான்" என்றார். "இல்ல சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பொறாமை கூடப் படித்தவள்மேல் வரும். பக்கத்து வீட்டுக்காரர்மேல் வரும். பெற்றவள்மேல் வருமா? எனக்கு வந்துவிட்டது. படிக்கும்போது திடீரென்று நீ வகுப்பில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. முதல் வரிசையில். புதுப் பை வாங்கியிருப்பாயா என்று யோசிக்கிறேன். என்ன நிறம் என்றுகூட யோசிக்கிறேன் அம்மா. அதற்குள் ஒரு கணக்குக்கான இரண்டு நிமிடம் போய்விடுகிறது.

வாண்டு


மார்ச் 26

வாண்டுவுக்கு,

நேர்காணலுக்குப் போனேன். உன் கடிதம் வந்தது பத்தொன்பதாம் தேதி. நீ சொல்லித்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. போகமாட்டேன் என்று உனக்கு எழுதிய மறுநாளே புடவையைத் தேய்த்து மடித்து வைத்துவிட்டேன்.

நீ உண்மையை எழுதினாய். நானும் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்ன நினைப்பாயோ தெரியாது.

உனக்குத் துணைக்கு விண்ணப்பம் போட்டேன் என்று சொன்னது பொய். அதற்கு இரண்டு மாதம் முன்பே புகைப்படம் எடுத்து வைத்திருந்தேன். நீ கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே, நீ வெளியே போன நேரம் பார்த்து உன் நோட்டுகளை எடுத்துப் படிப்பேன். ஓரத்தில் நீ கிறுக்கி வைத்திருக்கும் பொம்மைகளைப் பார்த்தால் எரிச்சலாக வரும். இவளுக்குக் கிடைத்திருக்கிறது, இவள் பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று. உன் வயதில் நான் உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். பட்டம் வாங்கியதுகூட அஞ்சல் வழியில்தான், நீ ஐந்தாவது படிக்கும்போது. வகுப்பு என்ற ஒன்றில் நான் உட்கார்ந்தே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

தேர்வுக்கு நான் படித்தது எங்கே தெரியுமா? கூடத்தின் பின்னால் பஞ்சும் கையுறையும் அடுக்கி வைத்திருக்கும் அறையில். சாப்பாட்டு நேரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்கு வந்தால் உனக்கு நேரம் வைத்து மாதிரித் தேர்வு நடத்துவேன். நீ எழுதிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் நானும் போட்டுக்கொண்டிருப்பேன். உனக்கு முன்னால் முடித்துவிட்டால் எனக்குள் ஒரு குஷி. உனக்கு அது தெரியக்கூடாது என்று கரண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன்.

முடிவு வந்த அன்று, உன் எண்ணையும் என் எண்ணையும் பார்த்தேன் அல்லவா? ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், வாண்டு. ஒரே ஒரு கணம். நீ உள்ளே அழுதுகொண்டிருக்கிறாய். நான் சந்தோஷப்பட்டேன். அதற்கப்புறம் நாலு நாள் உன் முதுகைத் தடவியதில் பாதி உனக்காக இல்லை.

இடம் கொடுத்திருக்கிறார்கள். பொதுச் சுகாதார முதுகலை, மொத்தம் இருபத்து நாலு பேர். முதல் சுற்றில் பதினெட்டு பேரை எடுத்துவிட்டார்கள். அதில் நான் ஒருத்தி. மீதி ஆறு இடம் மறுதேர்வு எழுதுகிறவர்களுக்கு. ஏப்ரல் பதினைந்துக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.

பை வாங்கவில்லை. அப்பாவின் பழைய தோள்பை இருக்கிறது.

அம்மா


ஏப்ரல் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் உன்மேல் வந்த கோபத்தில் வெறி பிடித்தவள் மாதிரி படித்தேன். சனிக்கிழமை மாதிரித் தேர்வில் நூற்று முப்பத்து ஆறு வந்தது. கணக்கு சார் தட்டிக் கொடுத்தார். மேல்கட்டில்காரி கீழே இறங்கி வந்து கைகொடுத்தாள்.

நூற்று முப்பத்து ஆறு அம்மா. இன்னும் நாலு வந்தால் போதும். ஆனால் ஆறே இடம். எத்தனை பேர் எழுதுவார்களோ.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். இந்த வருஷம் நீ போகாதே. வேண்டாம் என்று விடச் சொல்லவில்லை, அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறேன். அதற்கு விதி இருக்கிறதாம். மேல்கட்டில்காரியின் அக்கா அப்படித்தான் செய்தாளாம். நீ தள்ளி வைத்தால் இரண்டாம் சுற்றில் ஆறு இடம் ஏழாகும். அதுமட்டும் இல்லை. நான் முதலில் போக வேண்டும். நீ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் வகுப்புக்குள் நான் பின்னால் வந்து நுழைய முடியாது. என்னால் முடியாது அம்மா.

ஒரே ஒரு வருஷம். நியாயமில்லாததைக் கேட்கிறேன் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

உன்,
வாண்டு


ஏப்ரல் 11

என் வாண்டுவுக்கு,

நீ கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. சொல்லிப் பழக்கம் இல்லாததால் இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் தெரியவில்லை.

மாட்டேன்.

முந்தாநாள் வரை தள்ளி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்பாவிடம் உன் கடிதத்தை இந்த முறை முழுதாகக் கொடுத்தேன். வேலையிலிருந்து வந்து கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டே படித்தார். உன் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். எப்போதும் உன் பக்கம்தானே. மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அவளுக்கு நாள் இருக்கு. உனக்கு?" என்றார். அவ்வளவுதான். பிறகு குளிக்கப் போய்விட்டார்.

ஒரு வருஷம் என்கிறாய். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் ஏதாவது வந்து நிற்கும். அப்பாவின் முதுகு வலியோ, என் கண்ணோ, உனக்கு வேறு ஏதோ. இருபது வருஷமாக அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தது. எதையும் யாரும் என்மேல் திணிக்கவில்லை. நானே தள்ளித் தள்ளி வைத்தேன். இனி வைக்க மாட்டேன்.

காலையிலேயே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் போட்டிருந்தால் கை வந்திருக்காது. மேலாளர் எனக்குக் காலை ஷிஃப்ட் மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கல்லூரி மதியத்துக்குமேல்தான்.

நீ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த ஆறில் ஒன்றாக வா. என்னைத் தாண்டி வா. தாண்டினால் எனக்கு எரியத்தான் செய்யும், பொறுத்துக்கொள்கிறேன்.

கோபப்பட்டாலும் பதில் போடு.

அம்மா


மே 2

வாண்டுவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மூன்று ஞாயிறும் அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாய். போனைக் காதில் வைத்துக்கொண்டே அவர் என்னைப் பார்ப்பார். நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன். போன ஞாயிறு ஒரே சட்டையை நாலு முறை மடித்தேன்.

உன் நுழைவுச் சீட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். புகைப்படத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறாய், நன்றாக இருக்கிறது. இரண்டு பேனா வைத்திருக்கிறேன். யோசனை எதுவும் சொல்லப் போவதில்லை.

தேர்வுக்கு முதல் நாள் மட்டும் சீக்கிரம் படு. இது யோசனை இல்லை, அம்மா சொல்வது.

அம்மா


ஜூன் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன். நேர்காணல் பயிற்சிக்காக இன்னும் விடுதியில்தான் இருக்கிறேன், தேர்வு முடிந்ததும் போனை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முடிவு தெரிந்ததும் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார்: நூற்று நாற்பத்து மூன்று. உன்னைவிடப் பதினொன்று குறைவு. எனக்கு முன்னால் நீயே கழித்துப் பார்த்திருப்பாய்.

ஏப்ரலில் வந்த உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். உன் கையெழுத்து எப்போதும் எறும்பு ஊர்வது போலப் பொடியாக இருக்கும். அந்த "மாட்டேன்" மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அதைக் கிழிக்கக் கை வரவில்லை. இத்தனை வருஷத்தில் நீ எதையாவது உனக்கென்று கேட்டு நான் பார்த்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் முழுக்க உன்னைத் திட்டினேன். மேல்கட்டில்காரிக்கு உன்னைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. கடைசியில் அவளே, "உங்கம்மாவ எனக்குக் குடுத்துடேன்" என்றாள். அவளுக்கு நூற்று ஐம்பத்தொன்று. மூன்றாவது தடவையில் ஏறிவிட்டாள்.

தேர்வு அன்று ஒரு விஷயம் நடந்தது. கணக்குப் பகுதியில் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டேன். விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். அது வந்தது. அடுத்ததும் வந்தது. மணி அடித்து வெளியே வந்து குழாயில் தண்ணீர் குடிக்கும்போதுதான் உன் நினைவே வந்தது. மூன்று மணி நேரம் நீ இல்லை. உன் பை இல்லை. முதல் வரிசை இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு அவ்வளவு நேரம் உன்னை நினைக்காமல் இருந்தது அன்றுதான்.

இப்போது சொல்ல வந்தது. நேர்காணல் முடிந்து நேற்று பட்டியல் வந்துவிட்டது. ஆறு பேருக்கு இடம். காத்திருப்போர் வரிசையில் முதல் பெயர் என்னுடையது. அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போனில் கூப்பிட்டு, "கவலப்படாதம்மா, ஒருத்தர் விலகினாப் போதும், உனக்குத்தான்" என்றார். அந்த ஒருத்தர் யாராக இருப்பார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பட்டியலை எப்படியும் நீ பார்ப்பாய். பார்த்ததும் தோள்பையைக்கூட எடுக்காமல் அந்த அலுவலகத்துக்கு ஓடுவாய். "மாட்டேன்" என்று எழுதியவள் எல்லாம் அப்போது எங்கே போவாளோ.

அதனால் அந்த அம்மாவுக்கு நானே திரும்பக் கூப்பிட்டு, என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். இரண்டு முறை கேட்டார். இரண்டு முறை சொன்னேன். கையெழுத்திட்ட கடிதமும் இன்று காலை போய்விட்டது. இனி நீ விலகினாலும் அது வேறு யாருக்கோதான் போகும். முகம் தெரியாத ஒருத்திக்கு உன் இடத்தைக் கொடுக்க உனக்கு என்ன தலையெழுத்தா?

நூற்று நாற்பத்து மூன்றுக்கு வேறொரு பல்கலைக்கழகம் கூப்பிட்டிருக்கிறது. இதே படிப்புதான். உன் கல்லூரி அளவுக்குப் பெயர் கிடையாது. வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். சேர்ந்துவிட்டேன். வகுப்பு ஜூலை மூன்றாவது வாரம்.

இதைப் பெரிய மனசு என்று நினைத்துக் கண்ணைத் துடைக்காதே. பொறாமையில்தான் செய்தேன். நீ எழுந்து கொடுத்த இடத்தில் போய் உட்கார்ந்தால் அப்புறம் நான் யார்மேல் பொறாமைப்படுவது? எனக்கென்று ஒரு வகுப்பு வேண்டும். அங்கே உன்னைவிட நன்றாகப் படிக்க வேண்டும். ஆசையைச் சொல்லிவிட்டேன், நடக்குமா தெரியாது.

உன் முதல் வகுப்பு ஜூலை ஆறு, திங்கட்கிழமை என்று அப்பா சொன்னார். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன். மறுநாள் வாசலில் நின்று உனக்குக் கையசைத்துச் சிரிப்பேன் என்று எதிர்பார்க்காதே. அந்த அளவுக்கு இன்னும் ஆறவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் வேண்டுமானால் கூட நடந்து வருகிறேன். பஸ் வருகிற வரைக்கும் நிற்கிறேன்.

உன்,
வாண்டு